மனம் தளர்ந்தால் துணை நாடுவோம்

காய்ச்சல் கண்டால் வைத்தியரிடம் செல்கிறோம். மாட்டுக்குக் கோமாரி வந்தால் கால்நடை மருத்துவமனைக்கு ஓட்டிச் செல்கிறோம். பயிரின் இலை பழுத்தால் ஓர் இலையைப் பறித்துக்கொண்டு வேளாண்மை அலுவலரைத் தேடிப் போகிறோம். இவற்றில் எதற்கும் நாம் வெட்கப்படுவதில்லை. ஆனால் மனம் நோயுறும்போது மட்டும் அதை ஒருவருக்கும் சொல்லாமல் வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிடுகிறோம். "யோசனை அதிகம்", "காற்றுக் கருப்பு", "சோம்பல்", "வீம்பு" என்று பல பெயர்களால் அழைக்கிறோமே அன்றி, அதுவும் ஒரு நோய், அதற்கும் சிகிச்சை உண்டு என்று எண்ணுவோர் சிலரே.

இவ்விதழில் கடன், வட்டி, நூல் விலை, இடுபொருள், கொள்முதல் ஆகியவற்றைப் பற்றியே பெரும்பாலும் எழுதப்படுகிறது. மனத்தைப் பற்றிய பேச்சு கூட்டுறவு இதழில் எதற்கு என்று அங்கத்தினர் சிலர் கேட்கக்கூடும். தறியில் உட்காருவதும் ஏர் பிடிப்பதும் மனிதன். அவன் மனம் ஒடிந்தால் தறியும் நிற்கும், வயலும் தரிசாகும், சங்கத்தின் கடனும் நிலுவையாகும். ஆகவே இது சங்கத்தின் விஷயமே ஆகும்.

எத்தனை பேர்?

பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-ஆம் ஆண்டில் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. வயது வந்தோரில் 100-க்கு 10.6 பேர் ஏதேனும் ஒரு மனநலக் கோளாற்றுடன் அப்போது வாழ்ந்து வந்தனர் என்று அவ்வாய்வு கண்டது. மனச்சோர்வு, பதற்றம் போன்ற பொதுவான கோளாறுகள் உடையவர்களில் 100-க்கு 85 பேர் சிகிச்சை பெறாதிருந்தனர்.

இக்கணக்கை நம் சங்கத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். 500 அங்கத்தினர் உள்ள சங்கத்தில், சராசரி விகிதப்படி, சுமார் 50 பேர் இவ்வகைத் துன்பத்துடன் இருப்பர். அவர்களுட் பெரும்பாலோர் ஒருவரிடமும் செல்லாதவர்கள். பொதுக்குழுவில் நம் பக்கத்தில் அமர்ந்திருப்பவர் அவர்களுள் ஒருவராக இருக்கலாம். நாமே ஒருவராகவும் இருக்கலாம்.

கவலை வேறு, நோய் வேறு

மழை பொய்த்தால் உழவன் கவலைப்படுவான். நூல் விலை ஏறினால் நெசவாளன் கவலைப்படுவான். அது நோயன்று, கவலைக்குக் காரணம் நீங்கினால் அதுவும் நீங்கும். ஆனால் இரண்டு வாரங்களுக்கு மேலாக, நாளின் பெரும்பகுதியும் மனம் சோர்ந்தே இருப்பதும், முன்பு விரும்பிய எதிலும் நாட்டமில்லாதிருப்பதும் மனச்சோர்வு நோயின் முதன்மையான அடையாளங்கள் ஆகும். இவற்றுடன் உறக்கமின்மை அல்லது மிகையான உறக்கம், பசியின்மை, காரணமில்லாத களைப்பு, கணக்கிலும் வேலையிலும் கவனம் நிற்காமை, "நான் எதற்கும் உதவாதவன்" என்னும் எண்ணம், சாவைப் பற்றிய நினைவு ஆகியவையும் சேரலாம். நம் மக்களிடம் இந்நோய் பலமுறை உடலின் வழியாகவே பேசும். தலைவலி, மார்பு படபடப்பு, உடல் எரிச்சல், வயிற்றுக் கோளாறு என்று மாதக்கணக்கில் மருந்துக் கடைக்கு அலைவோர் உண்டு.

சங்கங்களின் புத்தகங்களைப் பார்வையிடுவது நம் பணி. அப்புத்தகங்களிலும் இந்நோயின் சுவடு தெரியும். வாரந்தவறாமல் சேலை கொண்டுவந்து கொடுத்தவரின் பெயருக்கு நேரே திடீரென்று வெற்றிடம் விழும். நூல் வாங்கிய பதிவு இருக்கும்; துணி கொடுத்த பதிவு இராது. கொடுத்த துணியிலும் இழை அறுந்ததும் ஓரம் கோணியதுமாகக் குறை மிகும். கடன் தவணையை முறையாகக் கட்டிவந்தவர் ஒரு பருவம் தவறி, மறு பருவம் சங்கத்தின் பக்கமே தலைகாட்டாதிருப்பார். இவற்றை "ஒழுங்கீனம்" என்று ஒரே சொல்லால் தள்ளிவிடுவது எளிது. அவ்வாறு தள்ளுமுன் ஒருமுறை வீட்டுக்குச் சென்று பார்ப்பது நலம்.

ஒரு சங்கத்தில் நடந்தது

நாம் அறிந்த ஒரு நெசவாளர் சங்கத்தில் நடந்ததை இங்கே கூறலாம். பெயரும் ஊரும் வேண்டா. நாற்பது வயதுடைய அங்கத்தினர் ஒருவர் மூன்று மாதமாகத் துணி கொடுக்கவில்லை. இரண்டு அறிவிப்புகள் அனுப்பப்பட்டன. அவருடைய பங்குத் தொகையில் நூலின் மதிப்பைக் கழித்துக்கொள்வதென்று நிர்வாகக் குழுவின் முன் குறிப்பும் வைக்கப்பட்டது. குழுவில் இருந்த முதியவர் ஒருவர், தாம் போய்ப் பார்த்துவரும்வரை அதை நிறுத்திவைக்குமாறு கேட்டுக்கொண்டார்.

அவர் சென்றபோது அந்த வீட்டின் அம்மையார் அழாத குறையாகச் சொன்னார்: "மாமா, ராத்திரியெல்லாம் தூங்குவதில்லை. விடிந்தால் தறிக் குழியில் இறங்கி உட்கார்ந்துகொள்கிறார். நாடாவைக் கையில் எடுப்பதில்லை. சும்மாவே உட்கார்ந்திருக்கிறார்."

முதியவர் நெசவாளரிடம் கடனைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. "தம்பி, உடம்பு சரியில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியதுதானே? நாளைக்கு நானும் வருகிறேன்" என்றார். மறுநாள் இருவரும் மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் சென்றனர். மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அங்கிருந்த உளவியலாளர் வாரம் ஒருமுறை வந்து பேசிச் செல்லச் சொன்னார்.

அவ்வுளவியலாளர் கூறிய முதல் யோசனை நெசவாளருக்கு வியப்பாக இருந்ததாம். "நின்றுபோன சேலை முழுவதையும் நினைக்க வேண்டாம். நாளைக் காலை ஒரு சாண் நெய்யுங்கள். அதற்கு மேல் வேண்டாம். நெய்தபின் மனம் எப்படி இருந்தது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு வாருங்கள்" என்பதே அந்த யோசனை. மனச்சோர்வில் ஒருவன் வேலையை விடுகிறான். வேலையை விட்டதனால் சோர்வு மேலும் மிகுகிறது. இச்சுழலைச் சிறிய செயல்களால் அறுப்பது நன்கு ஆராயப்பட்ட ஒரு சிகிச்சை முறை. நான்காவது வாரத்தில் உறக்கம் திரும்பியது. மூன்று மாதத்தில் அவர் தம் வழக்கமான அளவுக்கு நெய்தார். பங்குத் தொகையும் கழிக்கப்படவில்லை.

ஒன்றை மறைக்காமல் கூறவேண்டும். சிகிச்சை அவர் கடனை அடைக்கவில்லை. வெளியிற் பட்ட கடன் அப்படியே இருந்தது. ஆனால் அதை எப்படிப் பகுதி பகுதியாகத் தீர்ப்பது என்று உட்கார்ந்து கணக்கிடும் மனம் அவருக்குத் திரும்பி வந்தது. சங்கமும் தவணையை மாற்றி அமைத்தது. மருத்துவமனை செய்யவேண்டியது ஒன்று; சங்கம் செய்யவேண்டியது வேறொன்று. ஒன்று மற்றதற்கு ஈடாகாது.

யார் யார் உதவுவர்?

மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். படித்து, அதன்மேல் மனநோய் மருத்துவத்தில் பட்டம் பெற்றவர். நோயை நிர்ணயித்து மருந்து கொடுக்கும் தகுதி உடையவர். மருத்துவ உளவியலாளர் என்பவர் மருந்து கொடுப்பவரல்லர். பேச்சின் வழியாகவும் பயிற்சியின் வழியாகவும் சிகிச்சை அளிப்பவர். அவர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். பதிவெண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் தவறில்லை. மனநல சமூகப் பணியாளர் குடும்பத்தினருடன் பேசவும், உதவித்தொகை முதலிய வழிகளைக் காட்டவும் பயிற்சி பெற்றவர்.

இவர்களை எங்கே காண்பது? முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லலாம். இரத்தசோகையும் தைராய்டு சுரப்புக் குறைவும்கூடச் சோர்வை உண்டாக்கும். அவற்றைச் சோதித்து அறிவது நல்லது. 1996-இல் மத்திய அரசு தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மனநலக் குழுவினர் வட்டார மருத்துவமனைகளுக்குக் குறித்த நாட்களில் வந்து செல்கின்றனர். அந்த நாள் எது என்று சுகாதார நிலையத்தில் கேட்டு அறியலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. ஆலோசனையும் மருந்தும் அங்கே இலவசம்.

பஸ் ஏறிச் செல்ல இயலாதவர்க்குத் தொலைபேசி உண்டு. 2022 அக்டோபர் 10-ஆம் நாள் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்னும் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாடு அரசின் 104 என்ற எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.

அறைக்குள் என்ன நடக்கும்?

பலர் தயங்குவதற்குக் காரணம், அங்கே என்ன நடக்கும் என்பது தெரியாமையே. மின்சாரம் வைப்பார்களோ, கட்டிப் போடுவார்களோ, ஊருக்குச் சொல்லிவிடுவார்களோ என்று அஞ்சுகின்றனர். உண்மையில் நடப்பது ஓர் உரையாடலே. முதல் நாள் எவ்வளவு காலமாகத் துன்பம், உறக்கம் எப்படி, உணவு எப்படி, குடிப்பழக்கம் உண்டா, குடும்பத்தில் யாருக்கேனும் இருந்ததா, சாகவேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று கேட்பர். உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும். சொல்லத் தெரியாவிட்டால், ஒரு தாளில் நான்கு வரி எழுதிக்கொண்டு போகலாம்.

பேச்சுச் சிகிச்சை ஒரே நாளில் முடிவதன்று. பெரும்பாலும் வாரம் ஒருமுறை, ஒவ்வொரு முறையும் சுமார் முக்கால் மணி நேரம், ஆறு முதல் பன்னிரண்டு முறை வரை செல்லவேண்டியிருக்கும். சிலர்க்கு இன்னும் கூடுதலாகலாம். தனியாரிடம் செல்வோர் கட்டணத்தை முன்னரே கேட்டுக்கொள்க. நான்கைந்து முறை சென்றும் மனம் ஒட்டவில்லையெனில் வேறொருவரிடம் மாறிக்கொள்ளலாம். அதனால் அவர் வருந்தமாட்டார். பெண்கள் பெண் ஆலோசகரை விரும்பிக் கேட்கலாம். வீட்டார் உடன் செல்வது நன்று. எனினும் நோயாளி தனியே பேசச் சிறிது நேரம் விட்டு வெளியே வரவேண்டும்.

சிக்குண்ட நூலை ஆத்திரத்தில் இழுத்தால் முடிச்சு இறுகும் என்பது தார் சுற்றும் சிறுமிக்கும் தெரியும். எதிர்முனையை ஒருவர் பொறுமையாகப் பிடித்துக்கொண்டால் சிக்கு தானே நெகிழும். ஆலோசகர் அவ்வாறு எதிர்முனையைப் பிடிப்பவர், அவிழ்ப்பவர் நாமே.

மாத்திரை பற்றியும் சில சொல்வோம். மனச்சோர்வுக்கான மாத்திரை இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குப் பின்னரே பலன் காட்டத் தொடங்கும். மூன்று நாளில் குணம் தெரியவில்லை என்று நிறுத்துவோர் பலர். குணம் தெரிந்தவுடன் நிறுத்துவோர் அதனினும் பலர். குணமான பின்னும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் உட்கொள்ளுமாறு மருத்துவர் கூறுவது வழக்கம். நோய் திரும்பாதிருக்க அது தேவை. இவை போதைக்கு அடிமையாக்குவன அல்ல. பழக்கமாகக்கூடியவை தூக்க மாத்திரைகள். அவற்றை மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மேல் கடையில் தாமாக வாங்கி உண்ணலாகாது. ஒரே ஊசியில் குணமாக்குவேன் என்று சுவரொட்டி ஒட்டுவோரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

கீழ்ப்பாக்கம் என்னும் ஏளனம்

சென்னையில் 1794-இல் தொடங்கி, 1871 முதல் கீழ்ப்பாக்கத்தில் இயங்கிவரும் மனநல மருத்துவமனையின் பெயரை நம் மக்கள் ஏளனச் சொல்லாக்கி விட்டனர். ஆயிரக்கணக்கானோர்க்கு நலம் தந்த இடம் அது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவரான டாக்டர் சாரதா மேனன் 1961 முதல் அதன் கண்காணிப்பாளராகப் பணியாற்றினார்; பின்னர் 1984-இல் ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைச் சென்னையில் தோற்றுவித்தார். அத்தகையோர் உழைத்த இடத்தின் பெயரைக் கேலிக்கு உபயோகிக்கும் ஒவ்வொரு முறையும், பக்கத்தில் துன்புறும் ஒருவரை வாய்மூடச் செய்கிறோம்.

கோயிலுக்கும் தர்காவுக்கும் செல்வதை நாம் குறை கூறவில்லை. நம்பிக்கை மனத்துக்கு ஆறுதல். ஆனால் அதுவே சிகிச்சையாகிவிடாது. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஏர்வாடியில் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் ஓட வழியின்றி மாண்டனர். பூசையும் செய்வோம், தொழுகையும் செய்வோம், மருந்தையும் விடாதிருப்போம்.

சட்டம் தரும் பாதுகாப்பு

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் மனநலச் சேவையைப் பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை. நோயாளியின் விவரங்களை மருத்துவர் இரகசியமாகக் காக்கவேண்டும். உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைமைகளே விலக்கு. மருத்துவக் காப்பீட்டில் உடல் நோய்க்கு உள்ள அதே அடிப்படையில் மனநோய்க்கும் இடமளிக்க வேண்டும். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதி, அவரைத் தண்டிக்காது பராமரிக்க வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. ஆகவே வழக்கு வருமே என்று அஞ்சி, அத்தகையவரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லாமல் வீட்டில் மறைத்து வைப்பது தகாது.

சாமானியரும் உதவலாம்

படித்த வைத்தியர் மட்டுமே உதவ முடியும் என்பதில்லை. ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டில் 2006-ஆம் ஆண்டு டாக்டர் டிக்சன் சிபாண்டா என்பவர் பாட்டிமார்க்குப் பயிற்சி அளித்துச் சுகாதார நிலையத்தின் வெளியே ஒரு பெஞ்சியில் அமரச் செய்தார். அந்நாட்டு ஷோனா மொழியில் இந்நோய்க்கு வழங்கும் சொல்லின் பொருளும் "அளவுக்கு மீறிய யோசனை" என்பதே. அப்பாட்டிமாரிடம் பேசியவர்கள் நல்ல குணம் அடைந்ததை 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது.

நம் நாட்டிலேயே, மகாராஷ்டிரத்தின் விதர்ப்பப் பகுதியில், பருத்தி விவசாயிகள் வாழும் அமராவதி மாவட்டத்தின் 30 கிராமங்களில் இத்தகைய முயற்சி நடந்தது. உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளர்களும் பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்களும் வீடு வீடாகச் சென்றனர். முன்பு மனச்சோர்வு உடையவர்களில் 100-க்கு 4.3 பேரே உதவி நாடினர். 18 மாதத்தில் அது 27.2 ஆயிற்று என்று 2017-இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

சங்கம் என்ன செய்யலாம்?

முதலாவது, 14416, 104 என்ற எண்களையும், மனநலக் குழு வரும் நாளையும் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம். நூல் வாங்கவும் உரம் வாங்கவும் வருவோர் கண்ணில் அது படட்டும்.

இரண்டாவது, முறையாகக் கட்டிவந்தவர் திடீரென்று தவறினால், அறிவிப்பு அனுப்புமுன் நிர்வாகக் குழுவினர் ஒருவர் வீட்டுக்குச் சென்று விசாரிக்கலாம். அங்கே கண்டதைத் திண்ணையில் பேசலாகாது. தீர்மானப் புத்தகத்திலும் எழுதலாகாது. தவணை மாற்றத்துக்கு விதியில் இடமிருப்பின் அதைத் தாமதமின்றி எடுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, ஆண்டுப் பொதுக்குழுவுக்கு மாவட்ட மனநலக் குழுவினரை அழைத்து அரை மணி நேரம் பேசச் செய்யலாம். பொதுநல நிதி உள்ள சங்கங்கள், மருத்துவமனைக்குச் செல்லும் ஏழை அங்கத்தினரின் பஸ் செலவுக்கு விதிப்படி சிறு தொகை ஒதுக்குவது பற்றி ஆலோசிக்கலாம்.

நான்காவது விவசாயிகள் சங்கங்களுக்கு உரியது. பூச்சி மருந்தை வீட்டுக்குள் வைப்பது பெரும் ஆபத்து. ஒரு கணத்தின் வேகத்தில் கைக்கு எட்டியதால் போன உயிர்கள் பல. அந்தக் கணம் கடந்திருந்தால் அவர்களுட் பலர் இன்றும் நம்மோடு இருப்பர். 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் நிறுவிய சிநேகா அமைப்பினர், தமிழ்நாட்டுக் கிராமங்களில் பூச்சி மருந்துக்கென்று பொதுக் கிடங்கு அமைத்து, விவசாயிகளுக்குப் பூட்டுள்ள பெட்டிகளைக் கொடுத்துப் பார்த்தனர். அக்கிராமங்களில் தற்கொலைகள் குறைந்தன என்று 2013-இல் வெளியான அவர்கள் ஆய்வு தெரிவிக்கிறது. கிடங்கும் பூட்டும் பொறுப்பாளரும் சங்கங்களுக்குப் புதியவை அல்லவே! உரக் கிடங்கு வைத்திருக்கும் சங்கம், அதிலிருந்து தனியே பிரிந்த ஓர் அறையை இதற்கு ஒதுக்க இயலும்.

இன்னும் ஒன்று. ஒருவர் பேச்சில் வெறுப்பு மிகுந்து, "நான் இருந்து என்ன பயன்" என்று சொன்னால், அதைக் கேட்டும் கேளாததுபோல் விடக்கூடாது. "உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா?" என்று தெளிவாகவே கேட்கலாம். கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாகத் தோன்றாது. கேட்க ஒருவர் இருக்கிறாரே என்ற ஆறுதலே தோன்றும். "வரும்" என்று அவர் கூறினால், அவரைத் தனியே விடாமல், ஆபத்தானவற்றை அப்புறப்படுத்தி, அப்போதே 14416-ஐ அழைக்க வேண்டும். அல்லது உடன் நின்று மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

தனி ஒருவன் சுமக்க முடியாத கடனைப் பலர் சேர்ந்து சுமக்கலாம் என்பதே கூட்டுறவின் அடிப்படை. அக்கொள்கையைப் பணத்தோடு நிறுத்திவிட வேண்டியதில்லை. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் பொருள் நிரலில் இதையும் ஒரு பொருளாகச் சேர்க்குமாறு சங்கத் தலைவர்களையும் செயலாளர்களையும் கேட்டுக்கொள்கிறோம்.